எண் யாருடையது? இந்தியத் தொலைக்காட்சியில் அலைவரிசைகளின் வரிசைமுறை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

இந்தியத் தொலைக்காட்சி குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை திரையில் ஓடியவற்றைப் பற்றியவை. பூர்ணிமா மங்கேகரின் ‘ஸ்கிரீனிங் கல்ச்சர், வியூயிங் பாலிடிக்ஸ்’ (1999), அரவிந்த் ராஜகோபாலின் ‘பாலிடிக்ஸ் ஆஃப்டர் டெலிவிஷன்’ (2001) ஆகிய நூல்கள் தூர்தர்ஷன் தொடர்களையும், அவற்றைப் பார்த்த மக்களையும், அக்காலத்து அரசியலையும் ஒன்றாக வைத்து வாசிக்கும் முறையை நமக்குத் தந்தன. அம்மரபில் பயின்ற மாணவர்களுக்கு இன்னொரு எளிய கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு வீட்டின் தொலைக்காட்சிப் பெட்டியில் எந்த அலைவரிசை எத்தனையாவது எண்ணில் இருந்தது? அந்த எண்ணை முடிவு செய்தவர் யார்?

சில்லறைச் செய்தியாகத் தோன்றும் இக்கேள்விக்குள் பொறியியல், வணிகம், மொழிக்கொள்கை, சட்டம் ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. கடந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் வரிசையின் மீதான அதிகாரம் அரசுப் பொறியாளரிடமிருந்து வீட்டாருக்கும், வீட்டாரிடமிருந்து கேபிள்காரருக்கும், அவரிடமிருந்து விநியோக நிறுவனங்களுக்கும், இன்று ஸ்மார்ட் டிவியின் முகப்புத் திரையை வடிவமைப்பவருக்கும் சென்றிருக்கிறது. இடையில் இந்தியச் சட்டம் வரிசையைப் பொதுநலன் சார்ந்த ஒன்றாக ஏற்றுக்கொண்டு சில விதிகளை வகுத்தது. தொலைக்காட்சி இணையத்திற்கு இடம் பெயர்ந்தபோது அவ்விதிகள் உடன் வரவில்லை. இதுவே இக்குறிப்பின் மையக் கருத்து.

‘சேனல்’ என்பதற்கு நாம் வழங்கும் ‘அலைவரிசை’ என்ற சொல்லே இந்த வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. இணையத்தின் வழி வரும் தொலைக்காட்சியில், வானொலி அலையில் தனக்கென ஓர் இடம் பிடித்த ஒளிபரப்பு என்ற பொருள் மறைந்துவிட்டது. அலை போய்விட்டது, வரிசை மட்டும் எஞ்சியிருக்கிறது.

1. எண்ணும் அலைவெண்ணும் ஒன்றாக இருந்த காலம்

1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1965இல் அது அன்றாடச் சேவையாயிற்று. 1972இல் பம்பாய்க்கும், 1975இல் கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகிய நகரங்களுக்கும் தொலைக்காட்சி வந்தது. 1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து தனித் துறையாகப் பிரிந்தது. இக்காலம் முழுவதும் பெரும்பாலான நிலையங்களின் எல்லைக்குள் ஒரே ஒரு ஒளிபரப்புதான் கிடைத்தது. ஆகவே வரிசை என்ற வினாவே எழவில்லை.

ஆயினும் பெட்டியில் எண்கள் இருந்தன. இந்தியா பின்பற்றிய தொழில்நுட்பத் தரத்தில், தாழ்ந்த விஎச்எஃப் பகுதியாகிய முதல் பட்டையில் (47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ்) 2, 3, 4 ஆகிய எண்களும், மூன்றாம் பட்டையில் (174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ்) 5 முதல் 12 வரையிலான எண்களும் அமைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் 7 மெகாஹெர்ட்ஸ் அகலம். ‘டக் டக்’ என்று திருகும் குமிழில் பொறிக்கப்பட்டிருந்த எண் உண்மையில் ஒரு அலைவெண்ணின் பெயர். அதை அரசு ஒதுக்கியது. வீட்டார் மாற்ற இயலாது. பார்வையாளருக்கு இருந்த ஒரே கட்டுப்பாடு, கூரைமேல் ஆண்டெனாவை எத்திசையில் திருப்புவது என்பதுதான்.

2. எண் வீட்டுக்கு வந்த காலம்

1982இல் வண்ண ஒளிபரப்பும் நாடு தழுவிய தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. 1984 செப்டம்பரில் தில்லியில் தூர்தர்ஷனின் இரண்டாம் அலைவரிசை வந்தது. பிற பெருநகரங்களுக்கும் அது பின்னர் விரிந்தது. இரண்டு என்று வந்தவுடன் முதலாவது எது, அடுத்தது எது என்ற வினாவும் வந்துவிடுகிறது.

இதே காலத்தில் பெட்டியின் உள்ளமைப்பிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. திருகு குமிழுக்குப் பதிலாக எட்டு அல்லது பன்னிரண்டு பொத்தான்கள் கொண்ட பெட்டிகள் சந்தைக்கு வந்தன. ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளே ஒரு சிறு திருகு இருக்கும். அதை மெல்லத் திருகி விரும்பிய அலைவெண்ணில் நிறுத்தினால், அதன்பின் அந்தப் பொத்தான் அந்த ஒளிபரப்பின் பொத்தான். பொத்தானின் மேல் எழுதப்பட்டிருந்த ‘1’ என்பதற்கும் வானில் வந்த அலையின் எண்ணுக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை.

தொழில்நுட்ப வரலாறுகள் இம்மாற்றத்தை ஒரு வரியில் கடந்துவிடும். பார்வையாளர் வரலாற்றிலோ இது ஒரு திருப்புமுனை. முதல் முறையாக எண் என்பது வீட்டார் சூட்டும் பெயராகியது. ஒரு வீட்டில் மூன்றாம் பொத்தானில் கிடைப்பது அடுத்த வீட்டில் ஐந்தில் கிடைக்கும். பெட்டியைப் பொருத்த வந்த மெக்கானிக் வைத்துவிட்டுப் போன வரிசையை ஆண்டுக்கணக்கில் மாற்றாத வீடுகளும் இருந்தன. எனினும், மாற்றும் உரிமையும் அதற்கான கருவியும் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

3. கேபிள்காரரின் வரிசை

1980களின் நடுவில் பம்பாய், அகமதாபாத் போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஒரு வீடியோ பிளேயரிலிருந்து பல வீடுகளுக்குக் கம்பி இழுத்துப் படம் காட்டும் வழக்கம் தோன்றியது. 1991இல் வளைகுடாப் போரின் நேரடிக் காட்சிகளும், அதே ஆண்டு ஏசியாசாட்-1 செயற்கைக்கோளின் வழி வந்த ஸ்டார் டிவியின் அலைவரிசைகளும் அச்சிறு தொழிலை நாடு தழுவியதாக்கின. 1992 அக்டோபரில் ஜீ டிவியும், 1993 ஏப்ரலில் சன் டிவியும் வந்தன. மொட்டை மாடியில் டிஷ், ஒரு சிறு அறையில் சில கருவிகள், தெருவெங்கும் மின்கம்பங்களில் தொங்கும் கம்பி என்று கேபிள்காரரின் ஆட்சி தொடங்கியது.

இந்த ஆட்சியில் வரிசை எவ்வாறு அமைந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய இயற்பியல் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். கோஆக்சியல் கம்பியில் அலைவெண் உயர உயர இழப்பும் கூடும். கேபிள்காரரின் அறையிலிருந்து தொலைவில், பல பெருக்கிகளைத் தாண்டி அமைந்த வீட்டில், தாழ்ந்த அலைவெண்ணில் வந்த ஒளிபரப்பு தெளிவாகவும், உயர்ந்த அலைவெண்ணில் வந்தது புள்ளி விழுந்தும் தெரியும். மேலும், பழைய பெட்டிகள் பல முன்சொன்ன முதல், மூன்றாம் பட்டைகளை மட்டுமே நன்கு பிடிப்பவை. இடைப்பட்ட எஸ் பேண்ட், ஹைப்பர் பேண்ட் ஆகியவற்றில் ஓர் அலைவரிசையை வைத்தால் அப்பெட்டிகளைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். ஆகவே எல்லாப் பெட்டிகளிலும் தெளிவாகத் தெரியும் அந்தப் பத்துப் பதினோரு இடங்கள் ‘பிரைம் பேண்ட்’ என்று பெயர் பெற்றன. வரிசையில் முன்னால் இருப்பதும் தெளிவாகத் தெரிவதும் ஒன்றாயின.

அனலாக் கம்பியில் ஓர் இடத்தில் ஓர் அலைவரிசைதான் போகும். அதன் மொத்தக் கொள்ளளவு நூறைத் தொடுவதே அரிது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலோ இந்தியாவில் அனுமதி பெற்ற தனியார் அலைவரிசைகள் 500ஐத் தாண்டிவிட்டன. இந்தப் பற்றாக்குறையில்தான் இடத்துக்கு விலை பிறந்தது. அலைவரிசையை ஏற்றுவதற்கே ஒரு தொகை, அது கேரியேஜ் கட்டணம். நல்ல இடத்தில் வைப்பதற்கு மேலும் ஒரு தொகை, அது பிளேஸ்மென்ட் கட்டணம். பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் மீட்டர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருந்ததால், அந்நகரங்களின் பிரைம் பேண்டில் இடம் வாங்கினால் ரேட்டிங் உயரும். ரேட்டிங் உயர்ந்தால் விளம்பர வருவாய் உயரும். பார்வையாளரின் விருப்பத்தை அளப்பதாகச் சொல்லப்பட்ட எண்ணுக்குள் கேபிள்காரரின் வரிசையும் கலந்திருந்தது. ரேட்டிங் தரவுகளைச் சான்றாகக் கொண்டு 2000களின் மக்கள் ரசனையைப் பற்றி எழுதும் மாணவர்கள் இதை மறக்கலாகாது.

வீட்டாரின் நிலை என்ன? ரிமோட்டும் ‘ஆட்டோ சர்ச்’ வசதியும் வந்துவிட்டன. அந்த வசதி அலைவெண்ணின் ஏறுவரிசையில் எல்லாவற்றையும் நிரப்பும். அதன்பின் வேண்டியவாறு இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேபிள்காரர் ஒரு நாள் காலையில் தம் அறையில் இடங்களை மாற்றினால் வீட்டின் வரிசை முழுதும் குலையும். வீட்டு வரிசை இருந்தது. ஆனால் அது கேபிள்காரரின் வரிசையின் மேல் எழுதப்பட்ட தற்காலிக எழுத்து.

4. சட்டம் வரிசையைக் கண்டுகொள்ளுதல்

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டம் நிறைவேறியது. அதன் 8ஆம் பிரிவு, ஒவ்வொரு கேபிள்காரரும் குறைந்தது இரண்டு தூர்தர்ஷன் அலைவரிசைகளை மறு ஒளிபரப்புச் செய்யவேண்டும் என்றது.

அப்பிரிவு 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. தூர்தர்ஷனின் இரண்டு தரைவழி அலைவரிசைகளையும் மாநில மொழி அலைவரிசை ஒன்றையும் பிரைம் பேண்டில் வைக்கவேண்டும் என்று சட்டம் இப்போது கூறியது. முதல் சட்டம் ‘இருக்க வேண்டும்’ என்றது. திருத்தம் ‘இன்ன இடத்தில் இருக்க வேண்டும்’ என்றது. மங்கலாகத் தெரியும் ஒரு மூலையில் பொது ஒளிபரப்பை வைத்துவிட்டுச் சட்டத்தைப் பின்பற்றியதாகச் சொல்லிக்கொள்ள முடியும் என்பதை நாடாளுமன்றம் உணர்ந்து கொண்டதன் அடையாளம் இது. இடமும் உள்ளடக்கத்தைப் போலவே பொதுநலன் சார்ந்தது என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் தெளிவாக இடம்பெற்றது இந்தத் திருத்தத்தில்தான். மாநில மொழியும் அதில் சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

5. டிஜிட்டல் காலம்: அலையிலிருந்து விடுபட்ட எண்

2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டண அலைவரிசைகளுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் தனியார் டிடிஎச் சேவை தொடங்கியது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் வந்தது. 2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின், 2012 இறுதியில் நான்கு பெருநகரங்களில் தொடங்கி, படிப்படியாக நாடு முழுவதும் கேபிள் டிஜிட்டல் மயமாக்கப்பட்டது.

டிஜிட்டல் முறையில் ஓர் அலைவெண்ணில் பத்துக்கும் மேற்பட்ட அலைவரிசைகள் செல்லும். முன்னால் இருப்பது தெளிவாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் தெரிவதில்லை. 101ஆம் எண்ணுக்கும் 901ஆம் எண்ணுக்கும் படத்தின் தரத்தில் வேறுபாடு இல்லை. எண் இப்போது அலையிலிருந்து முற்றிலும் விடுபட்டு, மென்பொருள் ஒதுக்கும் ஒரு குறியீடாயிற்று. தொழில்துறை அதை எல்சிஎன் என்று அழைத்தது.

இயற்பியல் காரணம் மறைந்தபின் இடத்தின் விலையும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. பார்வையாளர் தொடக்க எண்களிலிருந்து அம்புக்குறியை அழுத்திச் செல்லும் வழக்கம் போதும், முன்னிடத்துக்கு விலை இருப்பதற்கு. வரிசைக்கு எக்காலத்திலும் இருந்த உண்மை மதிப்பு கவனத்தின் மதிப்பே என்பதை டிஜிட்டல் மாற்றம் ஓர் ஆய்வுக்கூடச் சோதனையைப் போல நிறுவிக் காட்டியது.

2017 மார்ச்சில் டிராய் வெளியிட்ட இணைப்பு ஒழுங்குமுறை விதிகள் இந்தச் சூழலில் எழுந்தவை. அலைவரிசை நிறுவனம் தன் வகையைத் தானே அறிவிக்கவேண்டும். பக்தி, பொதுப் பொழுதுபோக்கு, தகவல், சிறுவர், திரைப்படம், இசை, செய்தி, விளையாட்டு, இதர வகை என ஒன்பது வகைகள். ஒரே வகையைச் சேர்ந்தவை மின்னணு நிகழ்ச்சி வழிகாட்டியில் அடுத்தடுத்து அமையவேண்டும். அவ்வகைக்குள் ஒரே மொழியினவும் அடுத்தடுத்து அமையவேண்டும். ஓர் அலைவரிசை ஓரிடத்தில் மட்டுமே தோன்றவேண்டும். ஒதுக்கிய எண்ணைக் குறைந்தது ஓராண்டுக்கு மாற்றலாகாது. கேரியேஜ் கட்டணத்துக்கும் உச்சவரம்பு வைக்கப்பட்டது: சாதாரணத் தர அலைவரிசைக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 காசு.

இவ்விதிகளில் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பூசலின் தடம் உள்ளது. ‘ஓரிடத்தில் மட்டுமே’ என்ற விதியை எடுத்துக்கொள்வோம். 2017 மே மாதத்தில் ஓர் ஆங்கிலச் செய்தி அலைவரிசை தொடங்கப்பட்டபோது, அது ஒரே மேடையில் பல எண்களில் தோன்றுவதாகப் போட்டியாளர்கள் டிராயிடம் முறையிட்டனர். அதன்பின் பூசல் ‘லேண்டிங் பேஜ்’ என்னும் இடத்துக்கு நகர்ந்தது. பெட்டியைப் போட்டவுடன் தானாகத் தோன்றும் அலைவரிசை அது. எண்ணே இல்லாத முதல் எண். ரேட்டிங்கில் இடம்பெறும் அலைவரிசைகளை அங்கு வைக்கலாகாது என்று 2018 டிசம்பரில் டிராய் ஆணையிட்டது. 2019 மே மாதத்தில் தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயம் அவ்வாணையை நீக்கியது.

‘ஓராண்டுக்கு மாற்றலாகாது’ என்ற விதியின் மனித முக்கியத்துவத்தையும் குறிப்பிட வேண்டும். பார்வைக் குறைபாடு உடையவர்கள், எழுத்தறியாதவர்கள், முதியோர் ஆகியோருக்கு எண் என்பது விரல்களின் நினைவு. அந்நினைவைப் பாதுகாத்த விதி அது.

இன்னொரு பகுதி மொழி குறித்தது. வகை முதலில், மொழி பின்னர் என்று விதி கூறியது. நாடு தழுவிய டிடிஎச் நிறுவனங்கள் சிலவற்றின் வரிசையிலோ, இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகள் மூன்றிலக்க எண்களின் தொடக்கத்தில் வகை வாரியாக அமைந்திருக்க, தமிழ், தெலுங்கு, வங்கம், மராத்தி போன்றவை நான்கிலக்க எண்களில் மொழி வாரியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. மும்பை தாராவியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இத்தொகுப்பு வசதியானது என்பதில் ஐயமில்லை; தங்கள் மொழியின் செய்தி, திரைப்படம், இசை யாவும் ஓரிடத்தில் கிடைக்கின்றன. அதே வரிசை இன்னொன்றையும் சொல்கிறது. இந்திக்கு வகைகள் உண்டு. பிற மொழிகளுக்கு மொழியே வகை. ‘பிராந்திய மொழி’ என்ற சொல்லாட்சியை விமர்சிக்கும் நாம், அச்சொல் எண்ணாக உருமாறி வரவேற்பறையில் அமர்ந்திருப்பதையும் வாசிக்கப் பழக வேண்டும்.

6. எண் மறையும் காலம்

ஸ்மார்ட் டிவியின் முகப்புத் திரையில் எண்கள் இல்லை; கட்டங்கள் உள்ளன. எந்தச் செயலி முதல் கட்டத்தில், எந்தப் பரிந்துரை மேல் வரிசையில், ரிமோட்டில் எந்த நிறுவனத்தின் பெயரில் தனிப் பொத்தான் என்பவற்றைத் தயாரிப்பாளரும் மென்பொருள் நிறுவனமும் ஒப்பந்தங்களின் வழி முடிவு செய்கின்றனர். சாம்சங் டிவி பிளஸ் 2021இல் இந்தியாவுக்கு வந்தபோது, பெட்டியைத் தயாரிப்பவரே அலைவரிசைகளை வரிசைப்படுத்துபவராகவும் ஆனார். விளம்பர வருவாயில் இயங்கும் இத்தகைய இலவச இணைய அலைவரிசைகள் பழைய தொலைக்காட்சியைப் போலவே எண்ணோடும் நேரப் பட்டியலோடும் வருகின்றன. கேபிள் போலத் தோன்றும் இவற்றைக் கேபிளுக்கான விதிகள் தொடுவதில்லை.

இடைவெளி எங்கே உள்ளது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியும். 2017ஆம் ஆண்டின் விதிகள் கேபிள், டிடிஎச், ஹிட்ஸ், ஐபிடிவி ஆகிய விநியோகஸ்தர்களை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. இணையவழித் தளங்களுக்கான 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உள்ளடக்க நெறிகள், வயது வகைப்பாடு, குறைதீர்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றன. முகப்புத் திரையின் வரிசை இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

அத்திரையை இந்தியாவில் ஓர் அரசு அமைப்பு தொட்டது போட்டிச் சட்டத்தின் வழியாகத்தான். ஆண்ட்ராய்டு டிவியில் கூகுள் தன் செயலிகளை மொத்தமாக முன்கூட்டியே நிறுவவேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்துவதாக எழுந்த புகாரின்மேல், 2021 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் ரூ.20.24 கோடி தீர்வுத் தொகையுடன் அவ்வழக்கு முடிந்தது. நிறுவனங்களுக்கு இடையிலான நியாயத்தை அது பரிசீலித்தது. பொது ஒளிபரப்புக்கும் மாநில மொழிக்கும் அத்திரையில் உரிய இடம் எது என்பது போட்டிச் சட்டம் கேட்கும் கேள்வி அன்று.

பிரசார் பாரதியின் ‘வேவ்ஸ்’ செயலி 2024 நவம்பர் 20 அன்று கோவா திரைப்பட விழாவில் தொடங்கிவைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் பிரைம் பேண்டில் சட்டம் இடம் ஒதுக்கித் தந்த அதே பொது ஒளிபரப்பு, இன்று செயலிக் கடையில் மற்றவற்றோடு ஒன்றாகப் பார்வையாளரின் தேடலுக்குக் காத்திருக்கிறது. பிரிட்டன் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிகழ்ச்சி வழிகாட்டியில் பொதுச் சேவை அலைவரிசைகளுக்குத் தந்த முன்னுரிமையை, 2024ஆம் ஆண்டின் ஊடகச் சட்டத்தின் வழி இணையத் தொலைக்காட்சிக்கும் நீட்டித்தது. ஆஸ்திரேலியாவும் 2024இல் இதையொத்த சட்டம் இயற்றியது. பொது ஒளிபரப்பு அரசின் குரலாகவே ஒலிக்கும் அபாயம் இங்கு இருப்பதால், அதற்கு முன்னிடம் தருவதை ஐயத்தோடு பார்ப்பவர்கள் இருக்கலாம். அந்த ஐயம் நியாயமானதே. எனினும் அவ்விவாதம் வெளிப்படையாக நடைபெற வேண்டும். இப்போது அவ்விடம் விவாதமின்றி, ஒப்பந்தத்தின் வழி நிரம்புகிறது.

7. வீட்டார் மீண்டும் வரிசை அமைக்கும்போது

இதற்கு ஓர் எதிர்வினையாக, தம் வீட்டு வரிசையைத் தாமே அமைத்துக்கொள்ளும் சிறு மரபு ஒன்று உருவாகியிருக்கிறது. அதன் கருவிகள் எளியவை. எம்3யு என்னும் பட்டியல் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு பெயர், ஒரு எண், அது சேரும் குழு, அதன் இணைய முகவரி ஆகியவற்றை அதில் எழுதலாம். எக்ஸ்எம்எல்டிவி என்னும் இன்னொரு கோப்பு நிகழ்ச்சி நேரங்களைத் தரும். 2002இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு, 2014இல் ‘கோடி’ என்று பெயர் மாற்றப்பட்ட மென்பொருள் இவ்விரண்டையும் படித்து, பழைய தொலைக்காட்சியைப் போன்றே ஒரு வழிகாட்டியைத் திரையில் வரைகிறது. இந்தியச் சூழலில் இதற்கு நல்ல அடித்தளம் டிடி ஃப்ரீ டிஷ். ஜிசாட்-15 வழி வரும் அதன் எம்பெக்-2 அலைவரிசைகள் பூட்டப்படாதவை. ஒரு டிஷ், ஒரு டியூனர் அட்டை, டிவிஹெட்எண்ட் என்னும் மென்பொருள் ஆகியவை இருந்தால் அவற்றை வீட்டு வலையமைப்புக்குள் கொண்டுவரலாம். செய்தி நிறுவனங்கள் தாமே இணையத்தில் திறந்துவிடும் நேரலைகளையும் அதே பட்டியலில் சேர்க்கலாம். கட்டண அலைவரிசைகளைத் திருடித் தரும் பட்டியல்கள் இக்குறிப்பின் பொருள் அல்ல.

இவ்வாறு பட்டியல் எழுத அமர்பவர் உடனே வகைப்பாட்டுச் சிக்கலை எதிர்கொள்கிறார். டிராயின் ஒன்பது வகைகள் வீட்டுக்குப் பொருந்துவதில்லை. வீட்டில் வகைகள் மனிதர்களைச் சார்ந்தவை: பாட்டிக்கு உரியவை, பிள்ளைகளுக்கு உரியவை. அல்லது நேரத்தைச் சார்ந்தவை: காலையில் பக்தி, இரவில் செய்தி. ஒரே அலைவரிசை இரு குழுக்களில் வரவேண்டியிருக்கும். சந்தையில் தடை செய்யப்பட வேண்டியிருந்த இரட்டை இடம் வீட்டில் இயல்பான தேவை. பழைய கேபிள் எண்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம், முதியோரின் விரல்களுக்காக. ஆய்வு நோக்கில் இந்தப் பட்டியல்கள் சிறு இனவரைவியல் ஆவணங்கள். 1980களின் பொத்தான்களுக்குப் பிறகு வரிசை முழுமையாக வீட்டாரின் கையெழுத்தில் அமைவது இங்கேதான்.

இதைக் கொண்டாடி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, இது உழைப்பு. இணைய முகவரி மாறும்போதெல்லாம் வரிசையில் ஓர் இடம் இருளும். அதைச் சரிசெய்ய ஒருவர் வேண்டும். அந்த உழைப்புக்கு நேரமும் ஆங்கில மென்பொருள் அறிவும் உள்ள வீடுகளுக்கே இவ்வுரிமை கிட்டும். பொத்தானைத் திருகும் மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருந்தார். பட்டியல் எழுதித் தருபவர் அப்படி இல்லை. இரண்டாவது, தனி வீட்டின் வரிசை பொது வரிசைக்கு மாற்றாகாது. கோடிக்கணக்கான வீடுகள் முகப்புத் திரை தருவதையே பார்க்கும்போது, சில வீடுகளின் சுதந்திரம் சிறுமொழி அலைவரிசைக்கு இடம் வாங்கித் தராது. எண்ணைக் காத்த விதி முன்பு எழுத்தறியாதவரையும் காத்தது. பட்டியல் கோப்பு அதை எழுதத் தெரிந்தவரை மட்டுமே காக்கிறது.

8. ஆவணமில்லாத வரிசை

இவ்வரலாற்றை விரிவாக எழுதுவதில் பெரிய தடை ஆவணங்களின்மை. நிகழ்ச்சிகளின் ஒரு பகுதியேனும் காப்பகங்களில் உள்ளது. நாளிதழ்களில் நிகழ்ச்சி நிரல் உள்ளது. ஆனால் 1998இல் பாட்னாவிலோ 2005இல் ஹூப்ளியிலோ ஒரு கேபிள்காரரின் எட்டாம் இடத்தில் எது இருந்தது என்பதற்குச் சான்று தேடினால் கிடைப்பது அரிது. வரிசை அன்றாடப் பொருள். அன்றாடப் பொருள்கள் முதலில் அழிபவை.

ஊடக வரலாறு, சமூகவியல், நூலகவியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபிள்காரர்கள் வீடுதோறும் கொடுத்த எண் அட்டைகள், டிடிஎச் பெட்டியோடு வந்த சிறு கையேடுகள், பழைய பெட்டிகளின் அருகே சுவரில் ஒட்டிய கையெழுத்துப் பட்டியல்கள், தொழிலை விட்டுவிட்ட கேபிள்காரர்களின் நினைவுகள் ஆகியவை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஊரும் ஆண்டும் குறித்து அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். டிராயின் கலந்தாய்வு அறிக்கைகளுக்கு நிறுவனங்களும் நுகர்வோர் அமைப்புகளும் எழுதிய பதில்கள் பொதுவெளியில் உள்ளன. வரிசை குறித்த வாதங்களை அவற்றிலிருந்து தொகுக்கலாம். இன்றைய முகப்புத் திரைகளையும், ஒரே நகரத்தில், ஒரே நாளில், வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளில் எடுத்துப் பதிவு செய்வது ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதிய பொருள். அத்திரைகள் நாளைக்கே மாறிவிடும். கேபிள் எண்ணைப் போல ஓராண்டு நிலைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

ஒரு மாநில மொழி அலைவரிசை பிரைம் பேண்டில் இருக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் இந்நாட்டின் சட்டம் எழுதியது. அதற்கு நிகரான வாக்கியத்தை முகப்புத் திரைக்கு எழுதுவதா வேண்டாமா, எழுதினால் எச்சொற்களில் எழுதுவது என்ற விவாதம் வரும்போது, முன்பு வரிசை எவ்வாறு அமைந்தது, யாருக்கு அதனால் என்ன நேர்ந்தது என்பதற்கான சான்றுகள் நம்மிடம் இருக்க வேண்டும். அவற்றைச் சேர்க்கும் பணி இப்போதே தொடங்கப்பட வேண்டியது.